சீரங்கத்துச் சிங்கமும் சொர்க்கவாசல் வைஃபையும்

வாயிலிருந்து விழுந்த வார்த்தையைத் திரும்ப அள்ள முடியாது என்பார்கள். எனக்கு அள்ளுவதற்கு நாலைந்து நிமிடம் அவகாசம் கிடைத்தது. அப்படியும் முடியவில்லை. அவ்வளவு திறமைசாலி நான். (இந்தத் திறமையை நம்பித்தான் கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லக் கிளம்பினேன்.)

அப்போது நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு சென்னைக் கம்பெனி என்னை எடுத்திருந்தது. அந்தச் செய்தியை அம்மா ஸ்ரீரங்கத்தின் நான்கு உத்தர வீதிகளிலும் நடந்தே போய்ச் சொல்லி முடித்திருந்தாள். நானோ செல்போனில் கேம் ஆடுவதையே தொழிலாக வைத்துக்கொள்வது என்று முடிவுகட்டியிருந்தேன். நூறு பேர் ஒரு தீவில் குதித்து, ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு, கடைசிவரை சாகாமல் இருப்பவர்கள் ஜெயிக்கும் ஆட்டம். நாலு பேர் சேர்ந்தால் ஓர் அணி. எங்கள் அணியில் மூன்று பையன்கள், நான் ஒருத்தி. கேப்டன் பிரபு, மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்காரர் மகன். ஆட்டத்தில் என் பெயர் ‘சீரங்கத்துச் சிங்கம்’. (சிரிக்காதீர்கள். அன்று அதைக் கேட்டு எனக்கே புல்லரிக்கும்.)

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா ஒரே வார்த்தையில் தீர்ப்பு வழங்கினாள். “கண்ணு போயிடும்.”

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கருத்துச் சொல்வார்.

“எத்தனை வயசு வரைக்கும்மா இத ஆடலாம்?”

“இருபத்தஞ்சுப்பா. அதுக்கு மேல கை வேகம் கொறஞ்சிடும்.” பெருமையாகத்தான் சொன்னேன்.

“இருபத்தஞ்சுல ரிடையர்மெண்ட்டா? எங்களுக்கே அறுபதும்மா.”

“அதுக்கப்புறம் கோச் ஆகலாம். கமெண்ட்ரி சொல்லலாம்.”

அப்பா தாடையைச் சொறிந்தார். மறுக்கவில்லை. அடுத்த மாதம் நடக்கப்போகும் தகுதிச் சுற்றில் எங்கள் அணி தேறினால் ஒரு வருடம் ஆடிப் பார்க்கலாம், தேறாவிட்டால் மறுபேச்சு இல்லாமல் சென்னைக்கு ரயில் ஏறவேண்டும் என்று ஒப்பந்தம். இதைக் கேள்விப்பட்டுத் தஞ்சாவூர்ப் பெரியப்பா போனில் குதித்தார். “பொம்பளப் புள்ளைய வேலைக்கு அனுப்பாம சுட்டு விளையாட விடுறியா? ஒனக்கென்ன கிறுக்கா?”

அப்பா தன் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. “ரிப்பேர் பார்த்த இன்ஜினையே டிரையல் ஓட்டிப் பார்த்துத்தாண்ணே வெளிய அனுப்புறோம். எம் பொண்ண ஓட்டிப் பார்க்காமலே ஷெட்டுல தள்ளச் சொல்றீங்களா?”

இப்படிப்பட்ட மனிதரைத்தான் நான்... இருங்கள், முறைப்படி வருகிறேன்.

தகுதிச் சுற்றுத் தேதி வந்தது. வைகுண்ட ஏகாதசி!

ஸ்ரீரங்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அன்று நம் வீடு நம் வீடு அல்ல. சொர்க்கவாசல் சேவிக்க வரும் சொந்தபந்தம் அத்தனையும் நம் வீட்டில்தான் குளிக்கும், தூங்கும், போனுக்கு சார்ஜ் போடும். ஊரே ஜனக்கடலாகிவிடுவதால் செல்போனில் நெட் செத்துப்போகும். ஒரு ‘குட்மார்னிங்’ படம் போய்ச்சேர மத்தியானம் ஆகும். உயிரோடு இருக்கும் ஒரே சாதனம் வீட்டு வைஃபைதான்.

புத்தி உள்ள பெண் என்ன செய்திருப்பாள்? பிரபு வீட்டுக்குப் போய் ஆடியிருப்பாள். அவனும் தலைபாடாக அடித்துக்கொண்டான். “மண்ணச்சநல்லூர் வந்துரு வித்யா, சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஒரே பஸ்.” நான் போகவில்லை. ஏன் தெரியுமா? நான் ஜெயிப்பதைச் சொந்தக்காரர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். முக்கியமாகப் பெரியப்பா பார்க்க வேண்டும். தலைக்கனம்! வேறென்ன?

போட்டி நடத்தியவர்கள் அதை நேரலையாக ஒளிபரப்பினார்கள். அந்த லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டேன். செல் நெட் கிடைக்காதே என்ற கரிசனத்தில் வைஃபை பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் எழுதி, ஹாலில் காலண்டருக்குப் பக்கத்தில் நானே ஒட்டினேன். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். “ரூட்டர் பக்கத்துலயே நில்லுங்கப்பா. யாராவது பிளக்கப் புடுங்கிட்டு சார்ஜரச் சொருகிடுவாங்க. யாரா இருந்தாலும் கை வெக்க விடாதீங்க.”

“சரிம்மா” என்றார். சாயங்காலம் போட்டி ஆரம்பித்ததிலிருந்து ரூட்டர் இருந்த ஷெல்ஃபுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உட்கார நாற்காலிகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

நான் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். ஹாலில் டி.வி.யில் ஓர் ஒளிபரப்பு, அது போதாதென்று ஆளுக்கு ஆள் போனிலும் அதே ஒளிபரப்பு. விரதம் என்பதால் சோறு கிடையாது. உப்புமா, சேவை, வாழைப்பழம், பால் எல்லாம் உண்டு. பெரியம்மாவின் குரல் கதவைத் தாண்டி வந்தது.

“இதுல நம்ம வித்யா எதுடி?”

“அந்தப் பச்ச சட்ட, மீச வெச்சிருக்கு பாருங்க.”

“அடக் கண்றாவியே! இவளுக்கு எதுக்கு மீச?”

முதல் பாதி நன்றாகத்தான் போனது. பிரபு திட்டமிட்டபடி எல்லாம் நடந்தது. அப்புறம் படம் திக்க ஆரம்பித்தது. நான் வலப்பக்கம் திரும்பினால் என் மீசைக்காரன் யோசித்துவிட்டு மெதுவாகத் திரும்பினான். வெளியே பெரியப்பா, “என்னுது சுத்திக்கிட்டே நிக்குது, நீ ஒன்னுதுல போடு” என்றார். இன்னொருவர் போட்டார். அவருடையதும் நின்றது, மூன்றாவது ஆள் போட்டார். என்மேல் வைத்த பாசத்தால் என் கழுத்தைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அணி மொத்தமும் ஒரு ஜீப்பில் பாலத்தைக் கடக்க வேண்டிய கட்டம். ஓட்டுவது நான். (ஓட்டுகிறேன் என்று அடம்பிடித்து வாங்கிய பொறுப்பு.) பாலத்தின் நடுவில் படம் உறைந்தது. மறுபடி உயிர் வந்தபோது ஜீப் ஆற்றுக்குள் இருந்தது. நாலு பேரும் காலி. ஒரு துப்பாக்கிக் குண்டுகூட எங்களைத் தொடவில்லை. தண்ணீரில் முழுகிச் செத்தோம்.

அப்போதுதான் என் வாய் திறந்தது.

“இந்தப் பெரியப்பா கூட்டம் வந்தாலே வெளங்காதுடா! பெருமாளப் பார்க்க வந்தா பார்த்துட்டுப் போகவேண்டியதுதானே? வந்து உப்புமாவ மொக்கிட்டு வைஃபையவும் மொக்குதுங்க!” அதோடு நிறுத்தியிருக்கலாம். “எங்கப்பாவ ரூட்டர்கிட்ட காவல் வெச்சேன், ஒரு பிரயோஜனம் இல்ல. அதுக்கு என்ன தெரியும்? நிக்கச் சொன்னா நிக்கும், அவ்ளோதான்.”

அதுக்கு. நிக்கும். அப்பாவை, ஆடு மாடு மாதிரி.

காதில் பிரபுவின் குரல் கேட்டது. தோற்ற வருத்தத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம். “வித்யா, மைக்க ஆஃப் பண்ணு. நாம பேசுறதையும் ஒளிபரப்புறாங்க.”

மைக்கை அணைத்துவிட்டு வசவுக்குக் காத்திருந்தேன். ஆனால் டி.வி. அலறிய அலறலில் நான் பேசியது ஹாலில் யாருக்கும் கேட்கவில்லைபோல. யாரும் திட்டவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். மொத்தக் குடும்பமும் டி.வி. முன்னால் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தது. பெரியப்பா என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

“ஏன் எந்திரிச்சு வந்துட்ட? போ போ! நீ இன்னும் உயிரோடதான் இருக்க!”

டி.வி.யில் ஜீப் இன்னும் பாலத்துக்கே வரவில்லை. மற்ற அணிகள் பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாதென்று ஒளிபரப்பைச் சில நிமிடம் தள்ளித்தான் போடுவார்கள். எனக்குத் தெரிந்த விஷயம்தான், பதற்றத்தில் மறந்துபோனது. நான் பேசிய பேச்சு அத்தனையும் இனிமேல்தான் வரப்போகிறது!

பாய்ந்து ரிமோட்டை எடுக்கப் போனேன். பெரியப்பா அதை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். “பொண்ணு சாதிக்கிற நேரம், யாரும் சேனல மாத்தக் கூடாது. தம்பி, நீ சொன்னப்ப நான் நம்பலடா. எங்க, நல்லா ஓட்டுறாளே ஜீப்பு!”

அந்தப் பாராட்டுக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! ரூட்டரிடம் ஓடினேன். அப்பா குறுக்கே நின்றார்.

“விடுங்கப்பா, ஆஃப் பண்ணணும்.”

“என்னம்மா இது? யாரா இருந்தாலும் கை வெக்க விடாதன்னு நீதான சொன்ன?”

“நானே சொல்றேன்ப்பா, நகருங்க!”

“ஒம் பசங்க மூணு பேர் ஆடிக்கிட்டிருக்காங்களே. ஆஃப் பண்ணினா பாவமில்ல?”

செத்துப்போன பையன்களுக்காக என் அப்பா அந்த ஷெல்ஃபை மறைத்துக்கொண்டு நின்றார். தோற்றுவிட்டோம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நகர்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அது வரவில்லை.

ஜீப் பாலத்தில் ஏறியது. ஆற்றில் விழுந்தது. “ஐயையோ!” என்று பெரியம்மா மார்பில் கை வைத்தாள். பிறகு என் குரல், டி.வி. ஸ்பீக்கரில், கணீரென்று, முழுசாக வந்தது. ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. (ஆட்டத்தின்போது எங்கே போயிருந்ததோ அந்த வேகம்!)

பெரியப்பா உப்புமாத் தட்டைக் கீழே வைத்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரிமோட்டை இப்போது தாராளமாக எடுத்திருக்கலாம். பெரியம்மா மட்டும் மெதுவாகத் தன் போனைக் கவிழ்த்து வைத்தாள், குற்றவாளி அவள்தான் என்பதுபோல.

அப்பா கையைக் கட்டியபடியே நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இப்ப ஆஃப் பண்ணிடலாமாம்மா?”

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அனுமதி கேட்டார். பூமி பிளந்து உள்ளே போகமாட்டோமா என்றிருந்தது.

பிரபுவிடம் மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டேன். பதில் வந்தது. ‘தோத்தது பரவால்ல விடு. ஒங்கப்பா நிக்கவாவது நிக்கிறாரு. எங்கப்பா என் பழைய போன நெல் மூட்டைக்கு நடுவுல ஒளிச்சு வெச்சாரு, இன்னும் கெடைக்கல.’

மறுநாள் காலை, உறவுக்கூட்டம் ஊருக்குக் கிளம்பும் முன், பெரியப்பா காலில் விழுந்தேன். “மொக்குறதுன்னா என்னன்னு தெரியாதா எனக்கு? நல்லாத்தான் மொக்கினேன், ஒங்கம்மா கைப்பக்குவம்” என்று தலையில் குட்டினார். வலிக்கிற மாதிரிதான் குட்டினார். அப்பா ஷிஃப்ட்டுக்குப் போக ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காலைத் தேடிப் போனேன்.

“அப்பா, கோவத்துல...”

“அத விடு. ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. வைஃபை ஒழுங்கா இருந்திருந்தா ஜெயிச்சிருப்பியா?”

பொய் சொல்ல நாக்கு எழுந்தது. முந்தின நாள் அது செய்த வேலை ஞாபகம் வந்து அடங்கியது. “தெரியலப்பா.”

“அப்ப வேலைக்குப் போ. தெரிஞ்சப்ப வந்து சொல்லு, அப்பவும் டிரையல் பார்ப்போம்” என்று வண்டியைக் கிளப்பினார். நான் சென்னைக்கு ரயில் ஏறினேன். லீவு நாட்களில் இன்றைக்கும் ஆடுகிறேன். ஜீப் ஓட்ட மட்டும் யாரும் விடுவதில்லை.

அந்த வாக்கியம் எங்கள் குடும்பச் சொத்தாகிவிட்டது. ரேஷன் கடைக்கு அப்பாவை அனுப்பினால், “நிக்கச் சொன்னா நிப்பேன், அவ்ளோதான்” என்றபடி பையை எடுப்பார். என் கல்யாண மேடையில் போட்டோகிராபர், “சார், பொண்ணு பக்கத்துல நில்லுங்க” என்றதும் பெரியப்பா கீழேயிருந்து குரல் கொடுத்தார்: “அதெல்லாம் நல்லா நிப்பான்!” மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் காரணம் புரியவில்லை. அன்று ராத்திரிக்குள் புரியவைத்துவிட்டார்கள்.

நானும் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறேன். ஒவ்வொரு முறையும் சுருக்கென்று குத்துகிறது.

சமீபத்தில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவரைக் காட்டி நர்ஸ், “யாராவது ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும்ங்க, கட்டுல கை வெக்க விடாதீங்க” என்றார். நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“நிக்கச் சொன்னா நிப்பேங்க. அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கட்டுக்குக் கீழே அப்பாவின் உதடு மட்டும் விரிந்தது.

“நின்னா போதும்மா” என்றார். “பாஸ்வேர்ட மட்டும் யாருக்கும் குடுத்துடாத.”