இரைப்பையில் நான் கண்டுபிடித்த கசிவு

முப்பது வருடமாகக் கசிவு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனை மருத்துவமனைக்குள் விடக்கூடாது. விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

ஹைதராபாத் பாலாநகரில், விமானங்களுக்கு மின்னணுப் பெட்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன் நான். மூடி முடித்த பெட்டியைத் தண்ணீரில் அமுக்கும்போது ஒரு குமிழி வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். (என் முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும்.)

என் மகள் நிவேதாவுக்கு இருபத்திரண்டு வயது. அவள் இரைப்பைச் சுவரில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வயிற்றைக் கிழிக்காமல் வாய்வழியாகக் குழாய் விட்டே எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் விழுந்த ஓட்டையை உள்ளேயே சின்னச் சின்ன உலோகக் கிளிப்புகளால் மூடியாயிற்று என்றார் டாக்டரம்மா. சென்னையில் படித்த தெலுங்குக்காரர்.

வெளியே ஒரு தையல்கூட இல்லை. கண்ணில் படாத வேலையை நான் எப்படி நம்புவது?

"கிளிப்பெல்லாம் சரியா உக்காந்திருக்கான்னு யாரும்மா செக் பண்ணுவாங்க?" என்று ஒரே நாளில் பதினெட்டு முறை கேட்டிருப்பேன்.

"நாளைக்கு டெஸ்ட் இருக்கு சார். நீங்களே வந்து பாருங்க" என்றார் தாங்க முடியாமல். அவர் தொழிலில் செய்த ஒரே தவறு அதுவாகத்தான் இருக்கும்.

சோதனை எளிது. நிவேதா ஒரு மருந்தைக் குடிப்பாள். அது போகும் பாதை எக்ஸ்ரே திரையில் தெரியும். மூடிய இடத்தில் கசிந்தால் மறுபடி ஆபரேஷன். கசியாவிட்டால் கஞ்சி, பிறகு வீடு.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஈயக் கவசத்துடன் நின்றேன். நிவேதா ஒரு மடக்குக் குடித்து முகம் சுளித்தாள். திரையில் கறுப்பாக ஏதோ இறங்கிப் பைக்குள் தேங்கியது. மூச்சு விட்டேன். அப்போதுதான் பையின் அடியோரத்தில் மெல்லிய கோடாக அது வெளியேறத் தொடங்கியது.

"லீக்! லீக்! நிறுத்துங்க!"

அலறியது நான்தான். உள்ளே ஓடி, மகள் கையிலிருந்த கோப்பையைத் தட்டிவிட்டேன். மருந்து முழுவதும் டாக்டரம்மாவின் காலணியில். வெளியே என் மனைவி தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார், அது லீக் காதண்டி, லீக் இல்லை. குடலுக்குப் போற வழி. எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்கும் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அந்தக் கசப்பு மருந்தை நிவேதா முதலிலிருந்து குடிக்க வேண்டியதாயிற்று. புதுக் கோப்பையை நான் பிடித்துக்கொள்ளப் போனேன். "நக்கோ டாடி, நக்கோ" என்று ஹைதராபாத் இந்தியில் வேண்டாமென்று கும்பிட்டு என்னை வெளியே அனுப்பினாள்.

மூடல் கச்சிதமாக இருந்தது. டாக்டரம்மா வந்து சொன்ன பிறகுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தக் கறுப்புக் கோடு இப்போதும் சில நாள் கனவில் வருகிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவி கேட்டாள்: "ஏங்க, இத்தனை வருஷமா நான் ஆக்கிப்போட்டதெல்லாம் எங்க போச்சுன்னு நினைச்சீங்க?"

மறுபரிசோதனைக்குப் போனபோது அந்த அறைக் கதவில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தது: உடன் வருபவர்களுக்கு அனுமதி இல்லை. நிவேதா அதன் கீழே என்னை நிறுத்திப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அன்றிலிருந்து உறவில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் குழுவில் முதலில் விழும் கேள்வி: "அவரை வெளியே நிறுத்தியாச்சா?"

போன மாதம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். அன்றும் அதையேதான் கேட்டார்கள்.