உன் அக்காவும் மிச்சமுள்ள எட்டு ஊசியும்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நலம் என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை, அதனால் நலம். தபாலில் போட்டால் காரியம் கெட்டுவிடும் என்று இதைப் படம் பிடித்துச் செல்போனில் அனுப்புகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள், கோபத்தில் எழுதுகிறேன்.

கிருமிகளுக்கு மருந்து கேட்காமல் போவதைத் தடுக்க உன் உலக சுகாதார ஆபீஸ் கூட்டிய மாநாட்டில் நூற்றுச்சொச்சம் நாடுகள் கையெழுத்துப் போட்டனவாம். சந்தோஷம். உன் அக்கா இன்னும் போடவில்லை. நீ அனுப்பிய வழவழப்பான அறிக்கையை பிஸ்கட் டப்பாவின் அடியில் விரித்திருக்கிறாள். அதன் மேல்தான் இந்த வீட்டில் யாரும் முழுசாகத் தின்னாத மாத்திரைகள் படுத்திருக்கின்றன: என் பல்வலியில் மிஞ்சிய மூன்று, மகளின் காய்ச்சலில் மிஞ்சிய இரண்டு, எதிர்வீட்டு நாய்க்கு எழுதிக்கொடுத்ததில் ஒன்றரை. போன மாதம் உடைந்த வாளி அவள் காலைக் கிழித்தபோது டாக்டரிடம் போகலாம் என்றேன். "இதுக்குப் போய் டாக்டரா?" என்று டப்பாவைத் திறந்து, சிவப்பில் இரண்டு, மஞ்சளில் ஒன்று, நாயுடையதில் அரை என்று விழுங்கிவைத்தாள். கால் பூசணிக்காயாய் வீங்கி, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, சீழைப் பரிசோதித்தால் ஒன்பது மருந்தில் எட்டுக்கு நேரே 'கேட்காது' என்று வந்தது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த ஒண்ணுதான் மிச்சம். பதினாலு நாள் ஊசி. நடுவுல நிறுத்திட்டுத் திரும்பி வந்தா, என்கிட்ட வேற மருந்து இல்லீங்க" என்றார். முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவன், அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

ஆறு ஊசி போட்டாயிற்று. வீக்கம் வடிந்து வீட்டுக்கும் வந்தாயிற்று. உடனே இன்று காலை வீட்டுக்கு வந்த நர்ஸிடம், "எனக்குச் சரியாயிடுச்சும்மா, நாளையிலேர்ந்து வரவேணாம். மிச்ச மருந்தைக் கொடுத்துட்டுப் போ, டப்பாவுல போட்டு வைக்கிறேன்" என்கிறாள்! போக வேண்டிய இடத்துக்கு எட்டு ஸ்டாப் இருக்கும்போதே இறங்குகிற ரகம். கத்தினேன், கெஞ்சினேன், மகளை அழச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. "என் தம்பி சொல்லட்டும், கேக்கறேன். அவன் உலகத்துக்கே சொல்றவன்" என்று ஒரே பிடிவாதம். நாளைக் காலை ஒன்பதுக்கு நர்ஸ் வருவதற்குள் அவளைக் கூப்பிடு. நூறு நாட்டைச் சம்மதிக்க வைத்த வாயால் இவள் ஒருத்தியைச் சம்மதிக்க வை. எனக்குப் பயமாக இருக்கிறதப்பா.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், அவர்களுக்கு நோயே வந்தாலும் மருந்துக்கு அடங்குகிற நோயாக வரட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: கூப்பிடாதே. இதை எழுதி முடித்துவிட்டு டப்பாவைக் காலிசெய்யப் போனேன். உன் அறிக்கைக்கு அடியில் உன் பெயர் எழுதிய மருந்து கவர். போன வருஷம் தொண்டைவலியோடு வந்தாயே, அப்போது வாங்கியது. ஏழு நாளைக்கு இருபத்தொரு மாத்திரை. பதினைந்து அப்படியே இருக்கிறது. உன் அக்கா பின்னாலேயே நின்றிருந்தாள். "பாத்தீங்களா, என் தம்பியே ரெண்டு நாள்ல நிறுத்திட்டான். அவனுக்குத் தெரியாததா?" என்றாள். அந்த மாநாட்டில் மருந்தை முழுசாகச் சாப்பிட்டு முடித்தவர் ஒருத்தராவது இருந்தால், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, காலை ஒன்பதுக்குள் அவரைப் பேசச் சொல்.