மருமகனுக்கு ஆசை: பத்துக்குப் பத்து

என் மாமனாரை நான் மூன்று முறை கொன்றிருக்கிறேன். மூன்றும் ஒரே நாளில், அவருடைய வீட்டுக் கூடத்தில், அவர் பெண்ணைக் கேட்கப் போயிருந்தபோது நடந்தவை. சாட்சிக்கு என் அப்பா அம்மா உண்டு, பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள் இருபது பேர் உண்டு. (போலீஸ்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கடைசி வரை படித்துவிடவும்.)

அப்போது நான் வேலூரில், நான்கு பேர் மட்டுமே இருந்த ஒரு கேம் கம்பெனியில் வேலை பார்த்தேன். நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு சரித்திர கேம். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய காலம். வேலூரிலிருந்து செங்கம் வரை பெரிய வரைபடம், அதில் நாற்பது குட்டி நாடுகள். நீங்கள் ஒரு நாட்டுக்குத் தலைவர். வரி வாங்கலாம், படை திரட்டலாம், சம்பந்தம் பேசலாம், கடைசியில் செத்துப்போய் வாரிசின் கையில் நாட்டைக் கொடுக்கலாம். வரைபடம் வரைந்தவள் மலர், ஜவ்வாது மலைக்காரி. 'பேலன்ஸ்' பார்த்தவன் நான். அதாவது கேமில் எவனும் சும்மா ஜெயித்துவிடக் கூடாது, எவனும் சும்மா தோற்றுவிடவும் கூடாது; தராசு இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒடுகத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் என் அப்பாவிடம் இதை விளக்கியபோது, "தராசு வேலைன்னா நம்ம மண்டியிலயே இருந்துதேடா" என்றார்.

கேமில் இருந்த பெரிய ஓட்டை ஜவ்வாது மலைதான். சோதித்துப் பார்த்த அத்தனை பேரும் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மலையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். எந்தப் படை மேலே ஏறி வந்தாலும் பாதி வழியில் சோறில்லாமல் செத்துவிடும். நூறு வருஷம் உட்கார்ந்திருந்தால் ஜெயித்துவிடலாம். இதற்கு நான் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். வெளியிலிருந்து கவிழ்க்க முடியாத நாட்டை வீட்டுக்குள்ளிருந்தே கவிழ்ப்பது. தலைவரின் ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் திறமை, வீரம், ஆசை என்று மூன்று எண்கள், எல்லாம் பத்துக்கு. ஆசை என்றால் பதவி ஆசை. அது ஏழைத் தாண்டினால் அந்த ஆள் தலைவருக்கு எதிராகச் சதி செய்யத் தொடங்குவான். மற்ற நாடுகளைவிட மலை நாட்டில் சதி இரண்டு மடங்கு பலிக்கும். இதை எழுதி முடித்த அன்று எனக்கு நானே பிரியாணி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையே எனக்கும் மலருக்கும் ஒத்துப்போய்விட்டது. பெண் கேட்டு வரச் சொன்னாள். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "எங்க வூட்ல இதுவரைக்கும் மலைக்குக் கீழ யாருக்கும் பொண்ணு குடுத்ததில்ல. அப்பா வேணாம்னு சொல்ட்டாருன்னா அவ்ளோதான். அவர மீறி நான் வர மாட்டேன். ரெண்டாந்தரம் கேக்கவும் மாட்டேன்."

அப்பா என்பவர் வெள்ளையன். சாமையும் புளியும் பார்க்கிற விவசாயி. ஊரில் எந்த வழக்காக இருந்தாலும் அவர் வாயைத் திறந்தால்தான் முடியும். அந்த வாய் திறப்பது வருஷத்துக்கு நான்கைந்து தடவைதான். இப்படிப்பட்டவரை எப்படி மசிய வைப்பது என்று யோசித்தேன். வெற்றிலை, பூ, பழம் எல்லோரும் கொண்டுபோவார்கள். நான் லேப்டாப்பையும் கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் கேமில் ஜவ்வாது மலைத் தலைவரின் பெயரை வெள்ளையன் என்று மாற்றினேன். மகள் மலர். மருமகன் சரவணன், அதாவது நான். திறமை பத்து, வீரம் பத்து, ஆசை பத்து.

பயோடேட்டாவில் எல்லாவற்றையும் ஏற்றிப் போடுகிற பழக்கம். அந்த விதியை எழுதிய கையும் இந்தக் கைதான். என்ன செய்வது, எண்களைப் போட்டபோது நான் கேம்காரனாக இல்லை, மாப்பிள்ளையாக இருந்தேன்.

புளி உலுக்குகிற மாசி மாதம். மலையில் யாருக்கும் ஓய்வு கிடைக்காத நேரம். அப்படியிருந்தும் வேலையை நிறுத்திவிட்டுக் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் வெள்ளையன். அவருக்குப் பக்கத்தில் மலரின் தாய்மாமன் சடையன். அவர் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். பெண் யாருக்கு என்று முடிவாவதில் தாய்மாமனுக்கும் பங்கு உண்டு என்பதால் அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"பையன் இன்னா வேலை பாக்கறாரு?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றாங்க," என்றார் என் அப்பா. அவருக்கு அதற்கு மேல் தெரியாது.

"காட்டவே காட்டறேங்க," என்று லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் தன் பெயரைப் பார்த்ததும் வெள்ளையனின் மீசை லேசாக அசைந்தது. அது சிரிப்பு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சடையன் அதற்குள், "சத்தமே கேக்கலயே" என்று எழுந்துபோய் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து ஒயரை மாட்டிவிட்டார்.

மவுஸைப் பிடிக்கும் விதத்தை ஒரு தடவைதான் காட்டினேன். மனிதர் பிரமாதமாக ஆடினார். முதல் வருஷம் வரியைக் குறைத்தார். இரண்டாம் வருஷம் களஞ்சியத்தைத் திறந்து தானியம் கொடுத்தார். மூன்றாம் வருஷம் கண்ணமங்கலத்திலிருந்து ஒரு படை ஏறி வந்தது. அவர் ஒன்றுமே செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார், அது தானாகவே செத்தது. கூடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். என் அம்மா என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தாள். எல்லாம் முடிந்தது, இனி தேதி குறிப்பதுதான் பாக்கி என்று நினைத்தேன்.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கண் திறந்தது.

அந்தக் கண்ணுக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் நான்கு பேருக்குத்தான் தெரியும். தலைவரின் வீட்டில் சதி நடக்கிறது என்று அர்த்தம். யார் சதி செய்கிறான் என்று யோசித்தேன். மலை நாட்டில் ஆசை ஏழைத் தாண்டியவன் யார் என்று யோசித்தேன். மெதுவாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆசை பத்து, திறமை பத்து, மலை என்பதால் இரண்டு மடங்கு. அதோடு நான் போட்டிருந்தது அவருடைய நிஜ வயது, அறுபத்தொன்று. கேமில் வயதான தலைவரிடம் சதி இன்னும் சீக்கிரம் பலிக்கும். அதிகம் போனால் இன்னும் இரண்டு வருஷம் தாங்குவார். கேமில் ஒரு வருஷம் என்பது ஒரு கிளிக்.

"சார்ஜ் கம்மியா இருக்குங்க, அப்பறம் பாக்கலாமே," என்றேன்.

சடையன் சார்ஜரை வாங்கி மாட்டினார்.

"சூடாயிட்டா கெட்டுப்போயிடுங்க."

வெள்ளையன் கையைக் காட்டினார். யாரோ டேபிள் ஃபேனை லேப்டாப் பக்கம் திருப்பினார்கள். அவர் கிளிக் செய்தார். ஒரு வருஷம் போயிற்று. சிவப்புக் கண் இன்னும் பெரிதாகத் திறந்தது. லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். உள்ளே பெண்களோடு இருக்கும் மலரை ஜாடை காட்டிக் கூப்பிடலாம் என்று பார்த்தால் அவள் முதுகுதான் தெரிந்தது. நிஜமாகவே பயந்தேன். அன்றைக்கு முன்னால் பரீட்சைக்குப் பயந்திருக்கிறேன், நாய்க்குப் பயந்திருக்கிறேன், அதெல்லாம் பயமே இல்லை. இந்த மனிதருடைய விரல் இன்னொரு தடவை அழுத்தினால் மலர் எனக்கு இல்லை.

அழுத்தினார்.

எங்கள் கேமில் தலைவர் செத்தால் சங்கும் சாவு மேளமும் கேட்கும். நிஜமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு சாவு ஊர்வலத்திலேயே போய்ப் பதிவு செய்திருந்தோம். அது சடையனின் பெட்டி வழியாகக் கிளம்பியதும் கூரை ஓடு அதிர்ந்தது. திரை கறுத்தது, பொடி எழுத்துகள் வந்தன. வெள்ளையனின் கண்ணாடி உள்ளே இருந்ததால் சடையன் படித்தார். எத்தனையோ சாவு வீடுகளில் மைக் பிடித்தவர் அல்லவா, அந்தக் குரல் தானாக வந்துவிட்டது.

"ஜவ்வாது மலைத் தலைவர் வெள்ளையன் அவர்கள், நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார். சதி செய்தவர், அன்னாரின் மருமகன் சரவணன்."

கூடத்தில் மேளம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பெண் கேட்க வந்த இடத்தில் ஒருவர் தும்மினாலே எழுந்து போய்விடுவார்கள். இங்கே சாவு மேளமே அடித்தாயிற்று. என் அம்மா தட்டிலிருந்த பூவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். தெருவில் ஆட்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி வாசலிலேயே, "ஐயோ அண்ணா, காலைலகூட பாத்தனே" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளையன் எழுந்து வாசலுக்குப் போனார். "நான்தாம்மா. உயிரோடதான் இருக்கேன். போய் வேலையப் பாரு," என்றார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மறுபடியும் போடு."

போட்டேன். இந்தத் தடவை அவர் முதல் வேலையாக மருமகனைப் படையோடு செங்கம் எல்லைக்கு அனுப்பினார். மூன்றாம் வருஷம் செங்கத்திலிருந்து மருமகன் அனுப்பிய ஒரு குடம் தேன் வந்தது. மேளம் அடித்தது. சடையன் அதே குரலில் படித்தார். மூன்றாவது ஆட்டத்தில் மருமகனைப் பிடித்துச் சிறையில் போட்டார். மகள் கதவைத் திறந்துவிட்டாள். மறுபடியும் மேளம்.

இதற்குள் மலர் வெளியே வந்து என் பின்னால் நின்றிருந்தாள். "ஆசை எவ்ளோ வெச்ச?" என்று குனிந்து கேட்டாள்.

"பத்து."

அவள் கண்ணில் நீர் நின்றது.

"இன்னா அது, ஆசைன்னா?" என்றார் வெள்ளையன். அவருக்குக் காது கூர்மை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மலையை யாராலும் ஜெயிக்க முடியாமல் இருந்தது, அதனால் வீட்டுக்குள்ளேயே பகை மூட்டினேன் என்பதைச் சொன்னேன். எண்களைப் போட்டவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நாங்க மேல சும்மாதான குந்தியிருந்தோம். அதுல உனக்கு இன்னா கஷ்டம்?"

கேமின் பேலன்ஸ் பற்றி அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவோ விமர்சனங்கள் படித்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். இதற்கு மட்டும் தலையைச் சொறிந்தேன்.

"சரி, நெசத்துல உனக்கு ஆசை எவ்ளோ?"

பத்து என்றால் கொலைகாரன். ஒன்று என்றால், இவனை நம்பிப் பெண்ணை எப்படிக் கொடுப்பது என்பார். "அஞ்சு," என்றேன். அவர் புருவம் ஏறியது. "நாலுங்க." இன்னும் இறங்கவில்லை. "மூணு..."

அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என் அப்பா குறுக்கே வந்தார். வாழ்நாள் முழுக்க மண்டியில் பேரம் பேசியவருக்கு மகன் இப்படி இறங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"அவன இன்னாத்துக்குங்க கேக்கறீங்க, நான் சொல்றேன். இவனுக்கு ஆசைன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. இருந்திருந்தா படிச்சிட்டு இந்த வேலைக்குப் போயிருப்பானா? மண்டிய எடுத்துக்கடான்னு எத்தினி வருஷமா கெஞ்சறேன். அப்பன் குடுக்கறதையே வாங்கத் துப்பில்லாதவன், மாமனாருது ஒண்ணுத்தப் புடுங்கப் போறானா?"

வெள்ளையனின் தோள்கள் குலுங்கின. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். மனிதர் சத்தம் போட்டுச் சிரித்தார். மலரே அவர் அப்படிச் சிரித்து அதுவரை பார்த்ததில்லையாம்.

"ரெண்டு போடு," என்றார்.

ஆசை இரண்டு என்று போட்டேன். நான்காவது ஆட்டத்தில் வெள்ளையன் எண்பத்தெட்டு வயது வரை இருந்து, தூக்கத்தில் போனார். மேளம் அடித்தபோது சடையன், "சவுண்டு கிளியரா கீது" என்று பாராட்டினார். வெள்ளையன் லேப்டாப்பை அவரே மூடிவிட்டு என் அப்பாவிடம் திரும்பினார். "தேதி பாருங்க."

கல்யாணம் ஆகி ஆறு வருஷமாகிறது. கேமில் மலை நாட்டுக்குப் போட்டிருந்த இரட்டைச் சதியை, பெண் கேட்டு வந்த அந்த வாரமே எடுத்துவிட்டேன். இப்போது மலையைப் பிடித்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்து ஜெயிக்கிறார்கள், திட்டி எழுதுகிறவர்களும் எழுதுகிறார்கள். ஆனால் மாமனார் வீட்டில் மட்டும் ஒரு விதி மாறவில்லை. நான் கையில் எடுத்துக் கொடுக்கும் எதையும் அவர் வாயில் வைக்க மாட்டார். தண்ணீராக இருந்தாலும் சரி, பாயசமாக இருந்தாலும் சரி, டம்ளரைத் திருப்பி என்னிடம் நீட்டி, "நீ மொதல்ல" என்பார். நான் ஒரு வாய் குடித்த பிறகுதான் அவர் குடிப்பார். விசேஷங்களில் இதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். சடையன் ஒரு கல்யாணத்தில் இதை மைக்கிலேயே அறிவித்தார்.

போன ஐப்பசியில் மாமனாருக்குக் காய்ச்சல் வந்து மூளை வரைக்கும் ஏறிவிட்டது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். இரண்டு நாள் கண் சரியாகத் திறக்கவில்லை, யாரையும் அடையாளம் தெரியவில்லை. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. மலர் வராந்தாவில் உட்கார்ந்தபடியே இருந்தாள். நான் அன்றைக்குக் கூடத்தில் பயந்ததெல்லாம் விளையாட்டு என்று அந்த இரண்டு நாளில் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் ஏதாவது கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சாமைக் கஞ்சியை ஆற்றி, ஸ்பூனில் எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனேன். வாய் திறக்கவில்லை. கண் மெதுவாகத் திறந்தது. ஸ்பூனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், வெகு நேரம்.

"நீ மொதல்ல," என்றார்.

மலர் ஓடி வந்து பார்த்தபோது, நான் கட்டில் பக்கத்தில் அழுதுகொண்டே பாதிக் கஞ்சியைக் குடித்து முடித்திருந்தேன்.