நாற்பத்தொன்றாம் எண் ஆடு

வெளியுறவுப் பணியில் சேருகிறவனுக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி, வெளியே போகாமல் காத்திருக்கும் பொறுமை. நான் எங்கள் அமைச்சகத்தில் மூன்றாம் செயலாளராகச் சேர்ந்து ஆறு வருடம் முடிந்திருந்தது. அலுவல் நிமித்தமாக இதுவரை நான் கடந்த ஒரே எல்லை, எங்கள் கட்டடத்துக்கும் எதிரே இருக்கும் அச்சகத்துக்கும் நடுவே ஓடும் சாலை.

நான் வேலையில் சேர்ந்த வாரமே என் மனைவி குல்பார்ச்சின் இரண்டு பெட்டிகள் கட்டி வைத்துவிட்டாள். எந்த நேரமும் உத்தரவு வரலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளுக்காக வாங்கிய குளிர்கோட்டு பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது. இப்போது அதன் கைக்குள் அவள் முழங்கைகூட நுழையாது. மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "மாப்பிள்ளை எந்த நாட்டிலிருந்து வர்றார்?" என்று மச்சினன் கேட்பான். எனக்கு அழுகையே வந்துவிடும்.

வெளிநாட்டு விருந்தினரின் வரவேற்பு முறைகளைக் கவனிக்கும் எங்கள் மரபுப் பிரிவின் இயக்குநர் ஷர்ஷென்பெக் ஜூன் மாதம் என்னை அறைக்கு அழைத்தார். அமைச்சர் ஆண்டுதோறும் வெளிநாட்டுத் தூதர்களுக்கு மேய்ச்சல் மலையில் கொடுக்கும் விருந்தை இந்த முறை நான் கவனித்துக்கொள்ள வேண்டுமாம். நல்லபடியாக முடிந்தால், ரயில் நாட்டுத் தலைநகரில் காலியாக இருக்கும் இடம் எனக்கு. கெட்டுப்போனால், நிலவறையில் இருக்கும் ஆவணக் காப்பகம்.

ரயில் நாடு என்பது அதன் உண்மைப் பெயர் இல்லை. பெயரைச் சொன்னால் என் ஓய்வூதியம் போய்விடும். எங்களுக்கு ரயில் பாதை போட்டுத் தருவதாகப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். அதேபோல, அணை கட்டித் தருவதாகப் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது அணை நாடு. இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது. எங்களுக்கு இரண்டுமே வேண்டும். இதைத்தான் எங்கள் அரசு 'பல திசைக் கொள்கை' என்று பெருமையோடு அழைக்கிறது.

சிக்கல் ஆட்டில் இருந்தது. எங்கள் ஊரில் ஆடு அறுத்தால் ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு பதவி உண்டு. இடுப்பெலும்பு வயதில் மூத்தவருக்கு, வால் பக்கம் மூத்த பெண்மணிக்கு, தலை அன்றைய முதல் விருந்தாளிக்கு. இதில் தவறு செய்துவிட்டு அண்ணன் தம்பி பேசாமல் போன குடும்பங்கள் எனக்கே நாலைந்து தெரியும்.

தூதர்களில் யார் முதல் என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே வழக்கம்தான். அதிபர் கையில் யார் முதலில் நியமனப் பத்திரத்தைக் கொடுத்தாரோ அவர்தான் மூத்தவர். எங்கள் ஊரில் இப்போது மூத்தவர்கள், ரயில் நாட்டுத் தூதரும் அணை நாட்டுத் தூதரும். அவர்கள் பத்திரம் கொடுக்க வந்த அன்று அதிபருக்குக் குதிரைப் பந்தயத்துக்கு நேரமாகிவிட்டது. ஆகவே இருவரையும் ஒன்றாக நிற்க வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பத்திரத்தையும் ஒரே நொடியில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். புகைப்படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு நூலளவு வித்தியாசமும் இல்லை.

"ஆட்டுக்குத் தலை ஒண்ணு. நம்ம கொள்கைக்குத் திசை பல" என்றார் இயக்குநர் கவலையோடு. "இதை எப்படிச் சமாளிக்கப் போறீங்க, மிர்லான்?"

இரண்டு ஆடு அறுக்கலாம் என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். இரண்டில் எது பெரிய ஆடு, எது வயதில் மூத்த ஆடு என்று நாளைக்கே கேள்வி வருமே என்றார். அதை ஆராய ஏழு பேர் கொண்ட தலைச் சமன்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. குழு மூன்று வாரம் கூடி, இரட்டைக் குட்டிகளாகப் பிறந்த இரண்டு ஆடுகளே தேவை என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

அப்படி ஒரு ஜோடி, மலைமேல் அசன்குல் என்ற மேய்ப்பரிடம் இருந்தது. குழு அங்கே சென்று ஆடுகளின் தலைச் சுற்றளவை நாடா வைத்து அளந்தது. ஒன்று அரை விரல் பெரிதாக இருந்ததால், அதற்கு மட்டும் பத்து நாள் அரைவயிற்றுத் தீனி போட உத்தரவு எழுதிக் கொடுத்தோம்.

"பட்டினி போட்டா வயிறுதான் ஒட்டும். மண்டை எப்படித் தம்பி சின்னதாகும்?" என்று கேட்டார் அசன்குல்.

அதைப் பற்றிக் குழு தனியாக ஆராயும் என்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருடைய தலையையும் அளந்துவிடுவோமோ என்ற பயத்திலோ என்னவோ, உடனே போட்டுக்கொண்டார்.

கால்நடைத் துறை காதில் எண் வில்லை மாட்டியது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. இயக்குநர் பதறிப்போனார். நாற்பத்தொன்று முன்னால் வருகிறதே? இரண்டுக்கும் நாற்பத்தொன்றே கொடுங்கள் என்று கடிதம் போனது. ஓர் எண்ணுக்கு ஓர் ஆடுதான் என்று கால்நடைத் துறை பதில் எழுதியது. பேச்சுவார்த்தை நடந்தது. நாட்டு நலன் கருதி, இரண்டு தலை உள்ள ஒரே ஆடு என்று பதிவேட்டில் எழுதி அவர்கள் பிரச்சினையைத் தீர்த்து வைத்தார்கள். தலையை நெருப்பில் வாட்டும்போது உருகிவிடாமல், வில்லைகள் பித்தளையில் செய்யப்பட்டன. சமத்துவத்துக்கு அத்தாட்சி வேண்டாமா?

அடுத்தது வாசல். விருந்து நடக்கப்போவது அசன்குல் குடியிருக்கும் கம்பளிக் கூடாரத்தில். அதற்கு வாசல் ஒன்றுதான். ஒரே வாசல் வழியாக இரண்டு தட்டு வந்தால் ஒன்று முந்தும். ஆகவே எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாசல் வெட்டினோம். அசன்குல்லின் மனைவி மூன்று நாள் எங்களுக்குத் தேநீர் தரவில்லை.

விருந்துக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு தூதரகங்களிலிருந்தும் அந்தரங்கக் கடிதங்கள் வந்தன. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வாசகம். 'ஆட்டுத்தலை என்னும் உயரிய கௌரவத்தை எங்கள் அன்புக்குரிய அண்டைத் தூதருக்கே வழங்கிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் தூதருக்குச் சிறிது ரொட்டியும் வெள்ளரிக்காயும் போதுமானது.'

எனக்கு அப்பாடா என்று இருந்தது. கடிதங்களோடு இயக்குநரிடம் ஓடினேன்.

"ஐயா, ரெண்டு பேருக்குமே தலை வேண்டாமாம். பிரச்சினை தீர்ந்தது."

"எத்தனை வருஷமா இங்க வேலை பார்க்கிறீங்க?"

"ஆறு வருஷம், ஐயா."

"தூதரகக் கடிதத்துல எழுதியிருக்கிறதையே அர்த்தமா எடுத்துக்கிட்டா நீங்க எப்படி முன்னுக்கு வருவீங்க? வேண்டாம்னு ஒருத்தர் இவ்வளவு பணிவா எழுதினா, குடுத்தே தீரணும்னு அர்த்தம். அதுவும் ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க. எவ்வளவு கடுமையா மிரட்டுறாங்க, பாருங்க."

நான் மறுபடி படித்துப் பார்த்தேன். அவர் சொன்ன பிறகு வெள்ளரிக்காய் எனக்கும் கொஞ்சம் மிரட்டலாகத்தான் தெரிந்தது.

விருந்து நாள் வந்தது. மணி அடித்ததும் இரண்டு வாசல் வழியாகவும் இரண்டு தட்டுகள் ஒன்றாக நுழைந்தன. கூடவே மலைக்காற்றும் நுழைந்தது. வீட்டுக்கு ஏன் ஒரு வாசல் போதும் என்று எங்கள் மூதாதையர் முடிவு செய்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அமைச்சரின் உயரமான தொப்பி ஒரு வாசலிலிருந்து மறு வாசல் வழியாகப் பறந்துபோனது. அவர் அதைப் பல திசைக் கொள்கையின் அடையாளம் என்று சொல்லவும் எல்லோரும் கைதட்டினார்கள்.

இரண்டு தலைகளும், மூக்கு விருந்தாளியைப் பார்க்க, ஒரே நொடியில் வைக்கப்பட்டன. நான் நிறுத்துக் கடிகாரத்தோடு நின்றிருந்தேன். ரயில் நாட்டுத் தூதர் புன்னகை செய்தார். அணை நாட்டுத் தூதரும் அதே அளவு புன்னகை செய்தார். ஆளுக்கு ஒரு நகக்கண் அளவு கிள்ளி வாயில் போட்டு, குதிரைப்பாலை மடக்கென்று குடித்தார்கள். இருவர் கண்ணிலும் நீர். எங்கள் விருந்தோம்பலில் நெகிழ்ந்துவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின.

விருந்தாளி தன் பங்கைச் சாப்பிட முடியாவிட்டால் விட்டுப்போகக் கூடாது. பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். அதுவும் எங்கள் வழக்கம்தான். எங்கள் பெண்கள் இரண்டு தலைகளையும் பையில் கட்டி, தூதர்களின் கார்களில் வைத்தார்கள்.

செப்டம்பரில் என் நியமன உத்தரவு வந்தது. குல்பார்ச்சின் ஆறு வருடப் பெட்டிகளைத் திறந்து, மகளின் பழைய கோட்டை எடுத்து வெளியே போட்டுவிட்டு, மறுபடி மூடினாள். மச்சினன் விமான நிலையத்துக்கு வந்து என் பெட்டியைத் தூக்கினான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு இல்லை.

ரயில் நாட்டுத் தலைநகரில் இருக்கும் எங்கள் தூதரகம் மூன்று அறை கொண்டது. சிக்கனம் கருதி அணை நாட்டு விவகாரங்களையும் அதே மூன்று அறையிலிருந்துதான் கவனிக்கிறோம். தூதர் பதவி காலியாக இருந்ததால், போன உடனே நான்தான் பொறுப்புத் தூதர்.

அந்த நாட்டு அமைச்சகம் என்னை வரவேற்று விருந்து கொடுக்கப்போவதாகத் தகவல் வந்தது. அந்த ஊர் மீன் குழம்பைப் பற்றி ஆறு வருடமாகக் கேள்விப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். அதனால், எனக்காகச் சிரமப்பட வேண்டாம், உங்கள் ஊர்ச் சாப்பாடே போதும் என்று பணிவாக எழுதினேன்.

அவர்களிடமும் ஒரு மரபுப் பிரிவு இருக்கிறது. அதிலும் ஓர் இயக்குநர் இருக்கிறார்.

மேசையில் மூடிய தட்டு வந்தது. திறந்தார்கள். மூக்கு என்னைப் பார்த்தபடி ஓர் ஆட்டுத்தலை. அதன் காதில் பித்தளை வில்லை மின்னியது. நாற்பத்தொன்று. யாருமே திறந்து பார்க்கக் கூடாத, முத்திரை வைத்த தூதரகப் பையில் பனிக்கட்டி நிரப்பி, சகல மரியாதையோடு அதைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"உங்க கடிதம் கிடைச்சுது" என்றார் அவர்கள் இயக்குநர் கண்ணைச் சிமிட்டி. "நீங்க சொல்ல வந்தது எங்களுக்குப் புரிஞ்சுது."

நான் புன்னகை செய்தேன். நகக்கண் அளவு கிள்ளி வாயில் போட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்டுத்தலை பிடிக்காது. எங்கள் அமைச்சகத்தில் யாருக்குமே பிடிக்காது. கிளம்பும்போது அவர்களே அதைப் பையில் கட்டிக் கொடுத்தார்கள். வழக்கத்தை எங்கோ படித்திருக்கிறார்கள்.

குல்பார்ச்சின் பையைப் பிரித்துப் பார்த்தாள். "ஏங்க, இதுக்குத்தான் ஆறு வருஷம் பெட்டி கட்டி வெச்சேனா?" என்று கேட்டுவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் எங்கள் இயக்குநருக்கு, நம் பண்பாட்டுக்குப் பெரும் வெற்றி என்று தந்தி அனுப்பினேன். பாராட்டுக் கடிதம் உடனே வந்தது. பின்னாலேயே, இந்த ஊரில் இருக்கும் அணை நாட்டுத் தூதரிடமிருந்து ஒரு தகவலும் வந்தது. எங்கள் தேசிய தினத்தன்று, தம் அரசின் சார்பில் ஓர் அரிய அன்பளிப்போடு நேரில் வருகிறாராம். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தார்.

கால்நடைத் துறையைப் பார்த்து நாங்கள் எவ்வளவோ சிரித்தோம். பதிவேட்டில் அவர்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஆடு, இரண்டு தலை. தேசிய தினத்திலிருந்து அது என் வீட்டில் இருக்கிறது.