உள்ளபடியார் ஏன் வேலையை விட்டார்?

ஆற்காட்டிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றின் இரு கரையிலும் சம்பளம் கொடுக்கக்கூடிய இடங்கள் எத்தனை இருந்தனவோ, அத்தனையிலும் வேலைக்குச் சேர்ந்து, அத்தனையிலிருந்தும் விரட்டப்பட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். ஆம்பூரில் நான் குடியிருந்த வீட்டின் பின்கட்டில் அவர் குடும்பத்தோடு இருந்தார். ஞானஸ்நானத்தின்போது போதகர் அவருக்கு நல்ல பெயராகத்தான் ஒன்று வைத்தாராம். அது ஊரில் யாருக்கும் நினைவில்லை. எதைக் கேட்டாலும் "உள்ளபடி சொல்லணும்னா" என்று ஆரம்பிப்பார். பிறகு உள்ளபடியே சொல்லிவிடுவார். ஆகவே உள்ளபடியார்.

பொய் சொல்லக் கூடாது என்கிற கொள்கை ஒன்றும் அவருக்குக் கிடையாது. கொள்கை என்று ஒன்று இருந்தால் அவசரத்துக்கு அதை மீறலாமே. அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு நீச்சல் வராது, அதுபோல. ஆள் நெட்டை. வெயில் காலத்திலும் முழுக்கைக் கோட்டு. மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்ற அருமையான இங்கிலீஷ். அந்த இங்கிலீஷைக் கேட்டு வேலை கொடுப்பார்கள். அதே இங்கிலீஷில் அவர் எதையாவது சொன்னதும் வேலையைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரயில் ஸ்டேஷனில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக இருந்தார். மேலதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கி, ஸ்டேஷன் மாஸ்டர் எங்கே என்று கேட்டிருக்கிறார். மாஸ்டர் உள்ளே பெஞ்சியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் தண்டவாளத்தைப் பார்வையிடப் போயிருக்கிறார் என்று சொல்லி, உள்ளே போய் மாஸ்டரைக் கிள்ளியிருப்பார்கள். நம்மவரோ, அவர் தூங்குகிறார், பாதியில் எழுப்பினால் கோபித்துக்கொள்வார், சற்றுப் பொறுத்து வந்தால் நல்லது என்று அதிகாரிக்கே யோசனை சொல்லி அனுப்பப் பார்த்தார். மாஸ்டருக்கு மாற்றல். இவருக்கு டிஸ்மிஸ்.

அதன் பிறகு ஆற்காட்டில் ஒரு மிட்டாய்க் கடையின் கல்லாவில் உட்கார்ந்தார். மக்கன்பேடா இன்றைக்குப் போட்டதா என்று கேட்டு வந்த ஒரு கல்யாண கோஷ்டியிடம், கீழ்த்தட்டில் இருப்பது நேற்றையது, மேல்தட்டில் இருப்பது அதற்கும் முந்தியது, மேல்தட்டைத்தான் முதலில் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறார்கள் என்று விளக்கினார். கோஷ்டி எதிர்க்கடைக்குப் போனது. சாயங்காலம் இவரும் கடையை விட்டுப் போனார்.

இவையெல்லாம் சில்லறை. அவருடைய கீர்த்திக்குக் காரணம் வாணியம்பாடி.

அங்கே தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் துபாஷி வேலை கிடைத்தது. சென்னையிலிருந்து தோல் வாங்க வெள்ளைக்காரத் துரைகள் வருவார்கள். கிடங்கு முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது, துரைக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நின்று பேச ஓர் ஆள் வேண்டும். ஒருநாள் ஒரு துரை ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் பிடித்து, தடவி, மடித்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார். முதலாளி பொறுமையிழந்து, இவன் தோல் வாங்க வந்தானா பெண் பார்க்க வந்தானா, கழுதைக்குக் கோட்டு மாட்டினால் துரையா என்று தமக்குள் முனகினார். உள்ளபடியார் அதை ஒரு சொல் குறையாமல் நல்ல இலக்கண சுத்தமான இங்கிலீஷில் எடுத்துரைத்தார்.

துரையின் முகம் செங்கல்லாக மாறியது. அவன் ஏனடா இப்படிப் பார்க்கிறான், எதையாவது சொல்லிச் சமாளி என்று முதலாளி பல்லைக் கடித்தபடி சொன்னார். எதையாவது சொல்லித் தங்களைச் சமாளிக்கும்படி முதலாளி எனக்கு உத்தரவிடுகிறார் என்று அதையும் மொழிபெயர்த்தார்.

துரை குதிரை வண்டி ஏறினார். இவர் கால்நடையாக ஆம்பூர் வந்து சேர்ந்தார்.

இப்படியே போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சமயத்தில் அவர் மூத்த பெண் எஸ்தருக்குக் குடியாத்தத்தில் ஒரு நல்ல வரன் அமைந்தது. பையன் கம்பவுண்டர். பெண்ணைப் பிடித்துப்போயிற்று. வரதட்சணை என்ற பேச்சே இல்லை. பையனின் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பெண்ணைப் பெற்றவருக்கு ஓர் உத்தியோகம் இருக்க வேண்டும். உள்ளபடியாரின் சம்சாரம் ரூத் அக்கா என்னிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, இந்த மனுசனுக்கு ஒரே ஒரு பொய் சொல்லக் கத்துக்குடு. ஒண்ணு போதும்" என்றார்.

நான் அப்போது ஆம்பூரில் வேறொரு தோல் கிடங்கில் பில் எழுதும் குமாஸ்தா. எங்கள் முதலாளி சாயபுவிடம் சொல்லி, துபாஷி வேலைக்கு இவரைப் பார்க்க ஒப்புக்கொள்ள வைத்தேன். எங்கள் முதலாளியும் அந்த வாணியம்பாடி முதலாளியும் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே மண்டியில் தொழில் கற்று, பிறகு முகம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டவர்கள். ஆகவே அங்கே வேலை ஏன் போயிற்று என்று கட்டாயம் கேட்பார். அதற்குப் பதில், உடம்பு சரியில்லாமல் நானே விட்டுவிட்டேன். இந்த ஒரு வாக்கியம்தான் பாடம்.

கிணற்றடியில் ஒத்திகை நடந்தது. ரூத் அக்கா கரண்டியும் கையுமாக முதலாளி வேஷம் போட்டார். உள்ளபடியார் வாக்கியத்தைச் சொல்லிவிடுவார். சொன்னதும் என் பக்கம் திரும்பி, உண்மையிலேயே எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததா என்று கவலையோடு கேட்பார். நடந்து வந்ததில் காய்ச்சல் கண்டதே, அது போதாதா என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அது வேலை போன பிறகல்லவா வந்தது என்றார். அக்கா கரண்டியைக் கிணற்றுமேடையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த நாளும் வந்தது. முதலாளி திண்டில் சாய்ந்திருந்தார். தோல் பதனிட ஊறவைத்த ஆவாரம்பட்டையின் வாசனை முற்றத்திலிருந்து குப்பென்று வந்துகொண்டிருந்தது. எங்கள் பழைய துபாஷி ஒரு மூலையில் நின்றான். நான் பில்லின்மேல் குனிந்துகொண்டு, எழுதியதன்மேலேயே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.

"வாணியம்பாடில ஏன் வேலைய விட்ட?"

"ஒடம்பு சரியில்லைங்க."

எனக்கு மூச்சு வந்தது. முதலாளி இரக்க சுபாவம் உள்ளவர். அதனால்தான் அடுத்த கேள்வியையும் கேட்டுத் தொலைத்தார்.

"த்சொ. ஒடம்புக்கு இன்னா?"

உள்ளபடியார் கோட்டுப் பொத்தானைத் திருகினார். தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாவம், அந்த மனிதர் உண்மையிலேயே முயன்றார். அதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

"உள்ளபடி சொல்லணும்னா, ஒடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. வாய்தான்."

"வாய்ல புண்ணா?"

"இல்லீங்க. வாய் நல்லாத்தான் இருக்குது. அதான் பேஜாரு."

அதன்பின் மடை திறந்துகொண்டது. துரை, கழுதை, கோட்டு, சமாளி என்று ஒன்று விடாமல் சொன்னார். முதலாளி அசையாமல் கேட்டார். முடிந்ததும் தாடியை உருவிக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"என்னப் பத்தி அவன் எதுனா சொன்னானா?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"சொன்னாருங்க. இந்தத் துரைக்கு ஆம்பூர்க்காரன்தான் லாயக்கு, அவன் பூனைத் தோலக்கூட ஆட்டுத் தோலுன்னு தலைல கட்டிருவான்னாரு."

"அதயும் துரைகிட்ட சொன்னியா?"

"சொன்னேங்க. உங்க பேரு, வெலாசத்தோட."

எஸ்தரின் கல்யாணம் என் கண் முன்னால் பாலாற்று மணலில் புதைந்துகொண்டிருந்தது. முதலாளியோ இவரைப் பார்க்கவில்லை. மூலையில் நின்ற பழைய துபாஷியைப் பார்த்தார்.

"அதான் அந்தத் துரை போன மாசம் இங்க வந்து ஒவ்வொரு தோலா எடுத்து மோந்து மோந்து பாத்தானா? நீ அவனுக்கு ஜலதோஷம்னு சொன்னியேடா."

துபாஷி எதையோ தேடுவதுபோல மேஜைக்கு அடியில் குனிந்தான். முதலாளி திண்டில் கை ஊன்றிச் சிரிக்க ஆரம்பித்தார். தோல் உலர்த்தும் ஆட்கள் வாசலில் வந்து எட்டிப் பார்க்கும்வரை சிரித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். துரைகளோடு பேச இவர் லாயக்கில்லை. பேச்சைப் பழைய ஆளே பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் துரைகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தமக்கு உள்ளபடி சொல்ல ஓர் ஆள் தேவை. ஒரே நிபந்தனை.

"துரை இங்க இருக்கற வரைக்கும் உன் வாய்ல வெத்திலை இருக்கணும். அவன் வண்டி ஏறினப்புறம் துப்பிட்டு வந்து எங்கிட்ட சொல்லு."

அப்படித்தான் வேலை நடந்தது. துரை வந்தால் உள்ளபடியாரின் இரண்டு கன்னமும் உப்பியிருக்கும். ஒருநாள் முதலாளி புது ஷெர்வானி போட்டுக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று தெரியாத்தனமாக அவரைக் கேட்டுவிட்டார். நாற்காலிக்கு உறை தைத்த மாதிரி இருப்பதாகப் பதில் வந்தது. முதலாளி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஷெர்வானியையும் போடவில்லை.

கல்யாணத்துக்கு முன் கோவிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். வேறு எந்தக் கல்யாணத்திலும் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இங்கே சபை மொத்தமும் பெண்ணின் தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தது. முதல் இரண்டு ஞாயிறும் ரூத் அக்கா சரியான நேரத்தில் அவர் வாயில் பெப்பர்மின்ட்டைத் திணித்துவிட்டார். மூன்றாவது ஞாயிறு அது சீக்கிரம் கரைந்துவிட்டது. உள்ளபடியார் எழுந்தார்.

"தடை ஒண்ணுமில்லைங்க ஐயா. மாப்ள வீட்ல எனக்கு நெலையான வேலைன்னு நெனச்சுக்கினு இருக்காங்க. நான் எங்கயும் நெலைச்சதில்ல. அத அவங்க தெரிஞ்சுக்கணும்."

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். பையனின் அப்பா நிதானமாக எழுந்தார். சம்பந்தி வேலை போன கதைகள் எல்லாம் அவருக்கு முன்பே குடியாத்தம் வந்து சேர்ந்துவிட்டன என்றார். உத்தியோகம் கேட்டதுகூட அந்தஸ்துக்காக இல்லை, வேலையில்லாமல் அவர் தங்கள் வீட்டோடு வந்து தங்கிவிட்டால் அத்தனை உண்மையையும் தினமும் கேட்கவேண்டியிருக்குமே என்ற பயத்தில்தான் என்றார். சபை சிரித்தது. போதகர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். கல்யாணம் ஜோராக நடந்தது.

அடுத்த வருஷம் எனக்குச் சென்னையில் பத்திரிகை வேலை கிடைத்தது. ஆம்பூர் ஸ்டேஷனுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். முதலாளி அத்தர் பூசி வாழ்த்தினார். பெரிய இடம், உனக்கு நல்ல காலம், ரொம்ப சந்தோஷம் என்று ஒவ்வொருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். உள்ளபடியார் மட்டும் ஓரமாக நின்றார். வண்டி ஊதியதும் ஜன்னலருகே வந்தார்.

"உள்ளபடி சொல்லணும்னா, நீ போறது எனக்குப் புடிக்கல தம்பி."

சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தார்.

பட்டணத்தில் பிறகு எத்தனையோ பேர் எனக்கு மாலை போட்டு, மேடையில் நிறுத்தி, என்னென்னவோ பேசியிருக்கிறார்கள். முழுசாக நம்பும்படி என்னிடம் யாராவது ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டால், அது அந்த ஒரு வாக்கியம்தான்.