உயிரோடு இருக்கிறவளுக்குக் கட்டிய ஒப்பாரி

சங்கரன்கோவில்.

படத் தயாரிப்பாளர் நெல்லைநாயகம் ஐயா அவர்களுக்கு, ஆவுடையம்மாள் எழுதிக்கொள்வது. கோமதியம்மன் தயவில் இங்கே நான் சுகம். நீங்களும் குடும்பத்தோடு சுகமாக இருக்கணும், இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது.

உங்கள் புதுப் படத்தில் வில்லன் செத்ததும் ஒரு ஒப்பாரி வருகிறதே, அது என்னுடையது. என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி முத்துமீனாளுக்காக நான் கட்டியது. அவள் இன்னும் சாகவில்லை. அதுதான் ஐயா பிரச்சினையே. எங்கள் தெருவில் ஒப்பாரி வைக்கிறவளுக்குக் குறுக்கே யாரும் பேசக் கூடாது, உள்ளதைச் சொல்ல அது ஒன்றுதான் சமயம். அந்த நாளுக்காகவே, நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் எனக்குச் செய்த ஒவ்வொன்றையும் அடியடியாகக் கோத்து, ஒருத்தருக்கும் காட்டாமல் நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு உங்கள் உதவி டைரக்டர் சிவகணேஷ் வந்தான், ஒப்பாரி ஒன்று பாடிக் காட்டச் சொன்னான். பாட மாட்டேன் என்றுதான் சொன்னேன். "அப்படியா ஆச்சி, முத்துமீனாள் ஆச்சிதான் இந்தத் தெருவுலயே நல்லாப் பாடுவாங்கன்னு சொல்லுதாங்க, அங்கன போய்க் கேட்டுக்கிடுதேன்" என்றான். "ஏலே, உக்காரு" என்றேன். ஆத்திரத்தில் முழுசையும் பாடிவிட்டேன். அவன் செல்லை நீட்டிக்கொண்டே இருந்தான். எதுக்குலே என்று கேட்டதற்கு, "சும்மா கேட்டுப் பாக்கத்தான் ஆச்சி" என்றான். காப்பியும் மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தான்.

தியேட்டரில் கடைசியாக ஓடின பேர்களை என் பேத்தி சிவப்ரியா எனக்கு வாசித்துச் சொன்னாள். லைட் பிடித்தவர், சோறு போட்டவர், வேன் ஓட்டினவர் எல்லாரும் இருக்கிறார்கள். என் பாட்டுக்கு நேரே மட்டும் 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டிருக்கிறது. எந்த நாட்டுப்புறம் கட்டியது?

கேட்டுப்போன தோசைக்கல்லு வீடுவந்து சேரலையே,
போட்டுவச்ச சண்டையெல்லாம் பாதியில விட்டியளே.

அந்தத் தோசைக்கல் என் அம்மா சீராகக் கொடுத்தது. முத்துமீனாள் தன் மகள் சடங்குக்கு என்று வாங்கிப் போனாள், திரும்பி வரவில்லை. உங்கள் வில்லன் துப்பாக்கியோடு கார் மேலே நிற்கிறான், அவன் யார் வீட்டுத் தோசைக்கல்லை வாங்கினான் என்று கதையில் எங்கேயாவது வருகிறதா? சிவகணேஷுக்குப் போன் போட்டால், "பழைய பாட்டுக்கெல்லாம் சொந்தக்காரங்க கிடையாது ஆச்சி" என்கிறான். பாட்டு பழசு இல்லை ஐயா, நான்தான் பழசு. நாளைக்கு அவள் போய்ச் சேர்ந்தால் நான் என்னத்தைப் பாட? வாயைத் திறந்ததுமே ஆச்சி சினிமாப் பாட்டு பாடுதா என்று சின்னஞ்சிறுசுகள் ஆட ஆரம்பித்துவிடும். ஆகையால் பாட்டை உடனே படத்திலிருந்து எடுங்கள். அவள் காரியம் முடிந்த பிறகு தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், என் பேரோடு.

உங்கள் படம் நூறு நாள் ஓடட்டும், என் பாட்டு இல்லாமல். வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். சிவகணேஷுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ஆவுடையம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது முத்துமீனாள் வந்துவிட்டாள். அவளும் படம் பார்த்திருக்கிறாள். "ஏட்டி ஆவுடை, அது எனக்குக் கட்டினதுதான? ரெண்டாவது அடியிலயே தெரிஞ்சிட்டு. தியேட்டர்ல அழுதிட்டேம்ட்டி" என்றாள். "ஆனா எம் பேர எங்கயுமே போடலையே" என்றாள். ஆகையால் பாட்டை எடுக்க வேண்டாம். கட்டியது ஆவுடையம்மாள், முத்துமீனாளுக்காக என்று இரண்டு பேரையும் போடுங்கள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதையும் சேர்த்துப் போடச் சொல்லுகிறாள். இதை ஊரே கேட்டுவிட்டதால் அவளுக்கென்று நான் வேறு புதுசாக ஒன்று கட்டணுமாம். அதைப் பாடுவதற்கு நான் இருக்கணும் என்று, இப்போது என் பிரஷர் மாத்திரையையும் தண்ணீரையும் கையில் வைத்துக்கொண்டு, எழுதினது போதும், விழுங்கு என்று தலைமாட்டிலேயே நிற்கிறாள்.