கார்டாப் போடும்மா!

அந்த ஒரு மஞ்சள் கார்டு மட்டும் நகரவே மாட்டேன் என்றது.

டெல்லி லோதி ரோட்டில் இருக்கும் அந்த மென்பொருள் அலுவலகத்தின் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை. அதில் 'செய்ய வேண்டியது', 'நடக்கிறது', 'முடிந்தது' என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. 'லாகின் பட்டனைச் சரிசெய்தல்' என்ற கார்டு நடுக்கட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

டீம் லீடர் மாணிக்கவாசகம் அதை முறைத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை டைரக்டர் ராமசுப்ரமணியன் போர்டைப் பார்க்க வருகிறார். பார்த்த கையோடு யாரையோ குர்கான் கிளைக்கு அனுப்பப் போகிறார் என்று கேன்டீன் வரைக்கும் பேச்சு.

குர்கான்! மனைவிக்குக் கிடைத்த அரசாங்கக் குடியிருப்பு பக்கத்திலேயே, கிட்வாய் நகரில். மத்தியானம் வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுத் திரும்புகிறவர் அவர். குர்கானுக்குக் கிளம்பினால், டிராஃபிக்கில் போய்ச் சேர்வதற்குள் ரிட்டயர்மென்ட் வயது வந்துவிடாதா?

"சிந்து, இந்தக் கார்டு ஏம்மா நகரலை?" என்று புரோகிராம் எழுதும் பெண்ணைக் கேட்டார்.

"பட்டன் வேலை செய்யலை சார். ஒரு மத்தியானம் உட்கார்ந்தா முடிச்சிடுவேன்."

"சும்மா உட்கார்ந்தா எப்படி? பிளான் வேணாமா? கார்டு பெரிசா இருக்கு, உடை!"

உடைத்தார்கள். பட்டனின் நிறத்துக்கு ஒரு கார்டு, அதை அழுத்துவதற்கு ஒன்று, அழுத்திய விரலை எடுப்பதற்கு ஒன்று. திரையின் ஓரத்தில் பாக்கி வேலையைக் காட்டும் கோடு நாளுக்கு நாள் இறங்க வேண்டும். அது குதுப்மினார் மாதிரி நிமிர்ந்து நின்றது.

கோடு ஏன் ஏறுகிறது என்று ஆராய, காலையில் நின்றபடி நடத்தும் கூட்டத்தை மாலையிலும் நடத்தினார். நின்று நின்று டீமில் இருந்த குணாவுக்குக் கால் வீங்கியது. வீக்கத்துக்கும் ஒரு கார்டு போட்டார்கள்.

"சார், ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல கொஞ்சம் வேலை பார்க்கட்டுமா?" என்றாள் சிந்து.

"அதுக்குக் கார்டு இருக்கா?"

"இல்லை."

"அப்புறம் எப்படிப் பார்ப்பே?"

கடைசியில் ஒரு சட்டமே போட்டார்: போர்டில் இல்லாதது இந்த அலுவலகத்தில் இல்லை. டீ கெட்டிலோடு வந்த டீக்கடைக்காரரையும், "பெஹலே கார்டு! முதல்ல கார்டு!" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து டீயும் நின்றது.

எச்.ஆர். மாலா தயங்கித் தயங்கி வந்தாள். "சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ரெண்டே நிமிஷம்."

"கார்டாப் போடும்மா!"

"இது கொஞ்சம் பர்சனல் சார்..."

"பர்சனல்னா ரெண்டு கார்டாப் போடு!"

"அச்சா சார்," என்று போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது, கார்டுகள் திரையைத் தாண்டி யமுனை வரைக்கும் நீண்டிருந்தன. டைரக்டரின் கார் வாசலில் வந்து நின்றது. மாணிக்கவாசகம் காலைக் கூட்டத்தை ரத்து செய்தார். இருந்த கார்டுகளையெல்லாம் மொத்தமாகப் பிடித்து, ஒன்றையும் படிக்காமல், ஒரே இழுப்பில் 'முடிந்தது' கட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். கோடு பொத்தென்று தரையில் விழுந்தது.

"சார், பட்டன் இன்னும்..."

"ஜல்தி சிந்து! நான் அவருக்கு வெளியே டீ வாங்கிக் கொடுத்து நேரத்தை ஓட்டறேன். நீ உட்காரு!"

பல நாள் கழித்துக் கிடைத்த நாற்காலி. டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டாள்.

டைரக்டர் பட்டனை அழுத்தினார், திறந்தது. போர்டைப் பார்த்தார்; பாக்கி ஒன்றுமில்லை. "பிரமாதம்யா!" என்று முதுகில் தட்டினார். குர்கான் கண்டம் தப்பியது என்று மாணிக்கவாசகம் மூச்சு விட்டார். மத்தியான ரசத்தின் வாசனைகூட மூக்கில் ஏறிவிட்டது.

அப்போது மாலா பூங்கொத்தோடு வந்தாள்.

"கங்கிராஜுலேஷன்ஸ் சார்! 'குர்கான் போக இஷ்டம்னா முடிந்தது கட்டத்துக்குத் தள்ளுங்க, இல்லைன்னா தொடவே வேண்டாம், கட்டாயம் இல்லை'ன்னு எல்லார் பேருக்கும் கார்டு போட்டிருந்தேன். நீங்க என்னடான்னா உங்களோட சேர்த்து மொத்த டீமையும் தள்ளிட்டீங்களே!"